பெயர் எழுதாத கடிதம்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், திருவொற்றியூரையடுத்த பங்கு ஒன்றில் நான் பணியாற்றி வந்த காலம். ஒரு மாலைப்பொழுதில், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னைக் காண வந்தார். மகன் எங்கள் பங்குப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தவன். ஆங்கில ஆசிரியர் பணியிடம் நெடுநாள் காலியாகக் கிடந்தமையால், தாளாளராகிய நானே அவ்வகுப்புக்கு ஆங்கிலமும் நடத்தி வந்தேன். ஆகவே அவன் என் மாணவன்.

தந்தையின் கையில் ஒரு தாள் இருந்தது. "ஃபாதர், இத ஒருக்கா பாருங்க. போன வாரம் கம்பெனியில குடுத்தாங்க. பையன் படிச்சுக் காமிச்சான். நல்லாத்தான் படிச்சான். கையெழுத்துப் போட்டு செக்கு வாங்கிட்டேன். கூட வேல செஞ்சவங்க இப்ப வேற மாதிரி சொல்றாங்க" என்றார்.

தாளை வாங்கிப் பார்ப்பதற்குப் பதிலாக, பையனையே மறுபடியும் படிக்கச் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. ஆசிரியப் பழக்கமாக இருக்கலாம். அவன் படித்தான். தங்குதடை இல்லை. சட்டத்துறைக்கே உரிய கடுமையான சொற்களைக்கூட எழுத்துக் கூட்டாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வானொலிச் செய்தி போலப் படித்தான். அந்த நிலையிலும் தந்தையின் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றி மறைந்தது. "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். முதல் வரியை மீண்டும் படித்தான். "தமிழில் சொல்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

பதினோரு ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளராக உழைத்த அம்மனிதர், தமக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டதாகவும், இனி வேலையோ பணமோ எதையும் கோரப்போவதில்லை என்றும், இதனை மனமொப்பி எழுதித் தந்ததாகவும் அத்தாளில் கண்டிருந்தது. நான் விளக்கிச் சொன்னேன். அவர் மகனைத் திட்டவில்லை. "படிச்சானே ஃபாதர்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அரையாண்டுத் தேர்வில் அவனுக்கு ஆங்கிலத்தில் 86 மதிப்பெண். விடைத்தாளைத் திருத்தியவன் நான்.

அந்த 86 எப்படி வந்தது என்பதை நான் அறிவேன். எங்கள் வகுப்பில் வாசித்தல் என்றால் ஒருவன் எழுந்து நின்று உரக்கப் படிப்பது. மற்றவர்கள் விரலை வரியின்மேல் நகர்த்துவது. எழுதுதல் என்றால் கரும்பலகையிலிருந்து பெயர்த்தெழுதியதை மனனம் செய்து மறுபடி பெயர்த்தெழுதுவது. பாடத்திற்கு நான்கு வினாக்கள், நான்கு விடைகள். கட்டுரை ஐந்து, அவற்றுள் ஒன்று நிச்சயம் வரும். வழிகாட்டும் வரைபட வினாகூட மனனம்தான்: வரைபடம் எதுவாயினும் 'கோ ஸ்ட்ரெய்ட், டேர்ன் லெஃப்ட்' என்று எழுதிவிட்டால் ஒரு மதிப்பெண்ணாவது தேறும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று பதினாறு பக்கக் கையேடு ஒன்றை நானே தட்டச்சு செய்து தந்திருந்தேன். 35 மதிப்பெண்ணுக்கு எது போதுமோ அது மட்டும் அதில் இருக்கும். அவ்வாண்டு எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி. பள்ளி வாயிலில் பதாகை கட்டினோம். பதாகையில் என் படமும் இருந்தது.

கடிதம் எழுதும் பகுதியை மட்டும் தனியே சொல்ல வேண்டும். அரசுப் பொதுத்தேர்வின் விடைத்தாளில் எழுதியவர் இன்னார் என்று தெரியலாகாது. எனவே கடிதத்தில் பெயருக்குப் பதிலாக 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்' என்றும், முகவரிக்குப் பதிலாக 'ஒய் ஒய் ஒய்' என்றும் எழுதப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். ஏற்பாடு நேர்மையானது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் அப்படியே எழுதிப் பழகிய பிள்ளை, கடிதம் என்றால் யாரோ ஒரு எக்ஸ், எங்கோ ஓர் ஒய்யிலிருந்து, தனக்கு நேராத ஒன்றைப் பற்றி, படிக்கப்போகாத ஒருவருக்கு எழுதுவது என்றே நினைத்துக்கொள்கிறது.

இதில் பிள்ளைகளை மட்டும் நோவானேன்? நானும் அப்படி வந்தவன்தான். தமிழ்வழியில் படித்துவிட்டுக் குருமடம் சேர்ந்தபோது, மெய்யியலும் இறையியலும் ஆங்கிலத்தில் எதிர்கொண்டன. லிப்கோ அகராதியின் அட்டை கிழியும்வரை புரட்டினேன். புரியாத பக்கங்களை மனனம் செய்தேன். மனனம் கைகொடுத்தது, தேர்ச்சியும் பெற்றேன். ஒருமுறை வாய்மொழித் தேர்வில், அருள் பற்றிய வினாவுக்கு நான் மூச்சுவிடாமல் ஒப்பித்த விடையைக் கேட்டுக்கொண்டிருந்த முதிய பேராசிரியர், "நன்று. இதையே ஊரிலிருக்கும் உன் தாயாருக்குத் தமிழில் சொல்" என்றார். என்னால் இயலவில்லை. அவர் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் ஒருவேளை பாடம் மனத்தில் தங்கியிருக்கும். திருத்தூதர் பணிகளில், தேரில் அமர்ந்து ஏசாயாவை உரக்கப் படித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அதிகாரியிடம், படிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்ட கேள்வியை எத்தனையோ மறையுரைகளில் எடுத்தாண்டிருக்கிறேன். என் வகுப்பில் அக்கேள்வியைக் கேட்டதில்லை.

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் ஆங்கிலம் கற்பிப்பது பற்றிய நூல்களைத் தேடலானேன். தேடியதில் எனக்கு வியப்பளித்தது, இவற்றுள் பல நம் மண்ணிலேயே யோசிக்கப்பட்டவை என்பதுதான். மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். வங்கப் பிள்ளைகளை வைத்து 1926-இல் எழுதிய நூலில் அவர் 'சரண்டர் மதிப்பு' என்ற காப்பீட்டுச் சொல்லைக் கல்விக்குப் பயன்படுத்துகிறார். பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் கையில் என்ன கிடைக்கும் என்று நம் மக்கள் கேட்பார்கள் அல்லவா? அதுபோல, படிப்பைப் பாதியில் விட்டுச் செல்லும் பிள்ளையின் கையில் அதுவரை கற்ற மொழியின் பயன் எவ்வளவு மிஞ்சும் என்பது அவர் கேள்வி. மிகுதியும் மிஞ்சுவது வாசிப்புத்திறனே, எனவே அதற்கே முதலிடம் என்பது அவர் விடை. பேச்சைப் பின்தள்ளிய அந்த விடையை நான் முழுதும் ஏற்கவில்லை. கேள்வியோ என்னை விடவில்லை. பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ.க்கும், துறைமுகக் கூலிக்கும், காசிமேட்டுப் படகுக்கும் போகிற பிள்ளைகளை வைத்திருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி இருக்க முடியாது.

சென்னை மாநிலத்தில் 1959-இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 27,000 பேருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையைப் பயிற்றுவிக்க ஒரு பேரியக்கம் திட்டமிடப்பட்டது. சிலர் பலருக்கும், பலர் இன்னும் பலருக்கும் என்று உருண்டு பெருகியதால் அதற்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்றே பெயர் வந்தது. நம் வெயிலில் பனிப்பந்து என்னவாகும் என்று பெயர் வைத்தவர்கள் யோசிக்கவில்லை போலும். மாறாக, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய இடங்களில் என்.எஸ்.பிரபு என்பவர் நடத்தியது சிறிய முயற்சி, சில வகுப்புகள் மட்டுமே. இலக்கணமோ வாக்கிய அமைப்போ நேரடியாகக் கற்பிக்கவில்லை. இரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, யோசித்தால்தான் விடை கிடைக்கும் கணக்கு ஒன்றைப் போட்டார். முதலில் வகுப்பு முழுவதும் ஆசிரியரோடு சேர்ந்து ஒன்றைச் செய்யும். பிறகு அதேபோன்ற மற்றொன்றை ஒவ்வொருவரும் தனியே செய்வர். பாதிப் பிள்ளைகள் பாதிக் கணக்கையாவது சரியாகச் செய்யவில்லை என்றால் கணக்கு கடினம் என்று பொருள். மறுநாள் எளிதாக்க வேண்டும். பொருளில் மனம் ஊன்றும்போது மொழி தானே உள்ளே சென்று தங்கும் என்பது அவர் நம்பிக்கை. நம் பாடநூலின் வரைபட வினாவைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு எனக்கு வரும். யோசிக்க வைப்பதற்கென்றே அமைந்த வினா வகையையும் ஒப்பிக்கும் வினாவாக்கிவிட்டோமே, அதுவும் ஒரு திறமைதான்.

பின்னர் எண்ணூர்ப் பக்கம் எனக்கு மாற்றலாயிற்று. இங்கே பங்குக்குப் பள்ளி இல்லை. ஆலயத்தின் பின்கூடத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்கினேன். 2020-லும் 2021-லும் தொற்றின் காரணமாகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடைபெறாமல் எல்லாரும் தேர்ச்சி பெற்றனர் என்பது நாம் அறிந்ததே. அந்த ஆண்டுகளில் ஆறிலும் ஏழிலும் இருந்த பிள்ளைகள்தாம் பின்னர் என்னிடம் வந்தவர்கள். உரக்கப் படிக்கக்கூட அவர்களுக்குப் பழக்கமில்லை. ஒருவகையில் அது நல்லதாய்ப் போயிற்று. மறக்கச் செய்ய வேண்டியது குறைவு.

என்ன கொடுத்துப் படிக்கச் செய்வது? பாடநூலை எடுத்தாலே முகம் வாடும். ஒருநாள் வகுப்புக்குப் பிள்ளைகள் தாமதமாக வந்தார்கள். காரணம் வழக்கமானதே: எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் அணிவகுத்து நின்றன. சலிப்போடு வெளியே பார்த்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டி ஒவ்வொன்றின் கதவிலும் ஆங்கிலம். பிறந்தது முதல் அந்த எழுத்துகளுக்கு நடுவேதான் இப்பிள்ளைகள் வளர்கிறார்கள். ஒருவரும் அவற்றைப் படித்ததில்லை. நானும் படித்ததில்லை.

எல்லாரையும் நோட்டுப் புத்தகத்தோடு சாலையோரம் அழைத்துச் சென்றேன். நின்றுகொண்டிருந்த லாரியின் பின்கதவில் இருப்பதை அப்படியே எழுதிவரச் சொன்னேன். ஓட்டுநர் ஒருவர் போலீஸ் என்று நினைத்துப் பயந்துவிட்டார். அது வேறு கதை. கூடத்துக்குத் திரும்பி ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாப் பெட்டியிலும் நான்கு எழுத்து, ஏழு எண். முதலில் வரும் எழுத்துகள் உரிமையாளர் யார் என்பதைச் சொல்லும். கடைசி எண் மட்டும் கட்டத்துக்குள் இருக்கும். மற்றவை சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று சோதிப்பதற்கான எண் அது. கீழே மூன்று சொற்கள்: 'மேக்ஸ் கிராஸ்', 'டேர்', 'நெட்'. ஒவ்வொன்றுக்கும் எதிரே கிலோ கணக்கு.

"நெட் என்றால் என்ன?" என்று கேட்டேன். மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் உடனே, "வலை ஃபாதர்" என்றான். வகுப்பே ஆமோதித்தது. கன்டெய்னருக்குள் எதற்கு 28,250 கிலோ வலை என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அதன்பின் நான் எதுவும் சொல்லவில்லை. பதினைந்து நிமிடம் தாங்களாகவே கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். 30,480-இல் 2,230 போனால் 28,250. எல்லாப் பெட்டியிலும் அப்படியே வந்தது. எண் வேறாக இருந்தாலும் உறவு மாறவில்லை. அப்படியானால் டேர் என்பது காலிப் பெட்டியின் எடை; நெட் என்பது உள்ளே ஏற்றக்கூடிய சரக்கு; மேக்ஸ் கிராஸ் இரண்டும் சேர்ந்தது. அகராதியைத் திறக்காமலேயே மூன்று சொற்களுக்குப் பொருள் கண்டுபிடித்தார்கள். வலை என்று சொன்ன பையன்தான் முதலில் கண்டுபிடித்தவன்.

அன்றுமுதல் ஊரில் கிடைக்கும் ஆங்கிலமெல்லாம் எங்கள் பாடநூலாயிற்று. மாத்திரை அட்டை, வைப்புநிதிக் குறுஞ்செய்தி, ஐ.டி.ஐ. விண்ணப்பம், தொழிற்சாலை வாயிலில் தொங்கும் எச்சரிக்கைப் பலகை. உரக்கப் படிப்பதை நிறுத்தினேன். கண்ணால் படி, படித்ததை உன் வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்குத் தமிழில் சொல்வதாக எண்ணிச் சொல். முதிய பேராசிரியரின் கேள்வியை முப்பது ஆண்டுகள் கழித்துக் கையில் எடுத்தேன். ஆங்கில வகுப்பில் தமிழா என்று சில பெற்றோர் முகம் சுளித்தனர். அவர்களிடம் அந்தத் தாளின் கதையைச் சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை. அச்சிறுவன் பின்னர் ஐ.டி.ஐ.யில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

வாசிப்பு இப்படி வழிக்கு வந்தது. எழுத்து வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. படகுகளும் வலைகளும் அலையாத்திச் செடிகளும் கறுத்தன. கூழைக்கடாக்கள் சிறகொட்டித் திரிந்தன. அம்மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பமும் சுற்றுப்புறங்களும் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடின. ஜனவரியில் வகுப்பு மீண்டும் கூடியபோது, நடந்ததை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பதினான்கு தாள்கள் வந்தன. பதினான்கிலும் ஒரே கட்டுரை! மாசு மூவகைப்படும், காற்று, நீர், ஒலி. மரம் நடுவோம். எண்ணெய் படிந்த கையால்தான் அதை எழுதியிருந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. தங்களுக்கு நேர்ந்தது எழுதத் தக்கது என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் இத்தாலியில் தஸ்கனி மலைச்சிற்றூராகிய பார்பியானாவின் பங்குத்தந்தை லொரென்சோ மிலானி. பள்ளி ஒதுக்கித் தள்ளிய குடியானவர் பிள்ளைகளைத் தம் இல்லத்தில் கூட்டிக் கற்பித்தவர். அவருடைய மாணவர் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' 1967 மே மாதம் வெளிவந்தது. அடுத்த மாதமே அவர் தமது 44-ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். அந்தப் பிள்ளைகள் எழுதிய முறை மிக எளிது. தோன்றியதை எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதுவது, ஒரு சீட்டுக்கு ஒரு கருத்து, ஒரு பக்கம் மட்டும். பிறகு எல்லாச் சீட்டையும் மேசைமேல் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்த்து அடுக்குவது, வரிசைப்படுத்துவது, தேவையற்ற சொல்லை வெட்டுவது. அதிகம் படிக்காதவரிடம் காட்டிப் புரிகிறதா என்று கேட்பது.

நாங்களும் சீட்டுகளை எடுத்தோம். மொழி எதுவாயினும் சரி, கண்ணால் கண்டதை மட்டும் எழுது என்றேன். 'அப்பா வலையை மூன்று முறை மண்ணெண்ணெயில் கழுவினார்.' 'எங்கள் நாய் கறுப்பாகத் திரும்பி வந்தது, அது வெள்ளை நாய்.' 'இறால் வாங்க ஆள் வரவில்லை.' 'பாட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை.' இரண்டு நாளில் நூற்றுக்கு மேற்பட்ட சீட்டுகள். ஆலய பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பரப்பினோம். அவற்றை ஓர் ஆங்கிலக் கடிதமாக்க ஐந்து வாரம் பிடித்தது.

ஒரு சீட்டில், 'வலை செத்துப்போச்சு' என்றிருந்தது. எழுதியவன் கன்டெய்னர்க் கணக்கைக் கண்டுபிடித்த அதே பையன். 'டேமேஜ்ட்' என்று எழுதலாம் என்றேன். அவன் ஒப்பவில்லை. "டேமேஜ் ஆனா தைக்கலாம் ஃபாதர். இதத் தைக்க முடியாது" என்றான். ஆங்கிலத்தில் வலையை 'டெட்' என்று சொல்லும் வழக்கமில்லை என்று நான் இலக்கணம் பேசினேன். "அப்ப அவங்களுக்கு வலையைப் பத்தித் தெரியாது" என்றான். 'தி நெட் இஸ் டெட்' என்றே எழுதினோம். இப்போது நினைத்துப் பார்த்தால், அக்கடிதத்தில் அதைவிட நல்ல வாக்கியம் வேறில்லை.

ஓர் ஆங்கில நாளிதழின் ஆசிரியருக்கு அனுப்புவதாக முடிவு செய்தோம். தேர்வில்தான் எக்ஸ் எக்ஸ் எக்ஸ். இது உண்மைக் கடிதம். பெயரை எழுதுங்கள், உங்களுக்கு நேர்ந்ததற்கு நீங்களே சாட்சி என்று சற்று நீண்ட சொற்பொழிவே ஆற்றினேன். பதினான்கு பேரும் கையெழுத்திட்டனர்.

மறுநாள் திருப்பலி முடிந்ததும் அப்பையனின் தாய் தயங்கித் தயங்கி வந்தார். "சாமி, தப்பா நெனைக்காதீங்க. அவன் பேர மட்டும் எடுத்துடுங்க. பெரியவன் கம்பெனியில காண்ட்ராக்ட்ல இருக்கான். இதப் பாத்தாங்கன்னா…" முடிக்கவில்லை. மாலையில் வேறு இருவரின் பெற்றோரும் வந்தனர்.

மொழி கிடைத்துவிட்டால் போதும் என்று எண்ணியிருந்தேன். மிலானியும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணினார். அந்தத் தாய்க்கு நான் சொல்லக்கூடிய விடை எதுவும் அவரிடமிருந்தும் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் மூத்த மகனுக்கு வேலை போனால் நான் வேலை தர இயலாது. சாட்சியம் பற்றி நேற்றுப் பேசியதை இன்று அவரிடம் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எடுத்துவிடுகிறேன் அம்மா" என்றேன்.

பையனிடம் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு போட்டுக்கட்டா ஃபாதர்?" என்று கேட்டான்.

கடிதத்தைப் புதிதாகப் படியெடுத்தோம். பதினொரு பெயர்கள், அவற்றின்கீழ் மூன்று எக்ஸ் வரிசைகள். முகவரி என்னுடையது. நாளிதழ் அதை வெளியிடவில்லை. உறையை நான் ஒட்டப்போகையில் அவன் ஒரு நிமிடம் என்று சொல்லிக் கடிதத்தை வாங்கி, வலையைப் பற்றிய வரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.